வெளி வாசகர் நம்பிராஜன்

ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாம் மாடியில் உள்ள அரசு வெளியீடுகள் பிரிவுக்குள், பூப்போட்ட நைலக்ஸ் புடவை கட்டிய ஒரு பெண், மூன்று மாடி ஏறி வந்த மூச்சிரைப்பு கொஞ்சமும் இல்லாமல் நுழைந்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, பேர் என்ன என்று கேட்டதற்குக் குப்பம்மாள் என்றும், எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டதற்கு எதிர் அலமாரியில் வருஷவாரியாகத் தைத்து அடுக்கியிருந்த அரசிதழ்க் கட்டுகளைக் கைகாட்டி, அங்கேயிருந்துதான் என்றும் சொன்னாள். பிரிவின் உதவியாளர் உலகம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வருகைப் பதிவேட்டைத் திருப்பி வைத்து, "கையெழுத்துப் போடுங்க. பை இருந்தா கீழ வச்சிரணும்," என்றாள்.

உலகம்மாளுக்கு ஆச்சரியம் அவ்வளவு சுலபத்தில் வராது. இருபத்தாறு வருஷமாக அந்த மாடியில், அரசாங்கத்தைத் தேடி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தேடுவது இன்னதென்று தெரிந்துகொண்டு ஒருவரும் வருவதில்லை. ஆய்வு மாணவன் வந்து, "எங்க சார் இங்க போகச் சொன்னாரு" என்பான். எதற்கு என்றால் அது சாருக்குத்தான் தெரியும். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்து, தன் பதவி உயர்வைக் கெடுத்த அரசாணை வேண்டும், எண் தெரியாது, தேதி தெரியாது, ஆனால் அது வந்த அன்றைக்கு நல்ல வெயில் என்பார். எல்லாவற்றையும் கணினியில் தேடலாம் என்று வாசலில் பெரிதாக எழுதிப் போட்டிருந்தது. அந்தக் கணினி கேட்டதைத் தவிர மற்றதையெல்லாம் தரும். உலகம்மாள் என்ன வேண்டும் என்று கேட்கவே மாட்டாள். "ஒங்களுக்கு எந்த வருசம் பிரச்சினை ஆரம்பிச்சுது?" என்று கேட்பாள். வந்தவர் மாற்றல் என்றோ, கிணறு வற்றியது என்றோ, தம்பி கோர்ட்டுக்குப் போனது என்றோ ஒரு கதையைச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து போய், மக்கள்தொகைக் கையேடோ கமிஷன் அறிக்கையோ அரசிதழோ, தூசி தட்டி எடுத்து வந்து, உரிய பக்கத்தில் விரலை வைத்துவிடுவாள். துறைத் தலைவர்களே மாணவர்களிடம் புத்தகத்தின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு, உலகம்மாக்காவிடம் போய் உன் கதையைச் சொல் என்று அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்படித்தான் குப்பம்மாளின் கதையும் வெளியே வந்தது. முதல் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒருத்தி, மூன்றாவதையாவது எமன் ஏறெடுத்துப் பார்க்காமல் போகட்டும் என்று குப்பையில் போட்டு எடுத்து வைத்த பெயர் அது. பிள்ளை பிழைத்துக்கொண்டது, படித்தது, வங்கியில் அதிகாரியானது, ஒருநாள் அரசிதழில் விளம்பரம் கொடுத்து, இதுவரை குப்பம்மாள் என்று அழைக்கப்பட்ட நான் இனிமேல் கீர்த்தனா என்று அழைக்கப்படுவேன் என்று அறிவித்துவிட்டுப் போய்விட்டது. ஆள் போய்விட்டாள், பெயர் மட்டும் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. பத்தொன்பது வருஷம் நின்று கால் கடுத்துப்போய் வெளியே வந்திருக்கிறது.

மறுநாள் மூன்று பெயர்கள் வந்தன. அடுத்த புதனுக்குள் பதினேழு. நூலகர் வேலாயுதப்பெருமாள் விதிமுறைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே மாடிப்படி ஏறுகிறவர். அவர் வந்து பார்த்து, இவர்கள் மாணவரும் இல்லை, ஆசிரியரும் இல்லை, ஆகவே வெளி வாசகர்கள் என்று தீர்மானித்து, ஆளுக்கொரு அட்டை கொடுக்கச் சொன்னார். முகவரிச் சான்று இல்லையே என்று அலுவலகத்தில் ஆட்சேபித்தபோது, அரசிதழின் பக்கத்தைவிடப் பெரிய சான்று எது என்று ஒரே போடாகப் போட்டார். இயற்பியல் துறையிலிருந்து ஒரு குழு வந்து, பெயர்களை எடை மேடையில் நிறுத்திப் பார்த்து, முள் அசையவில்லை என்று எழுதிக்கொண்டு போனது. வருகைப் பதிவு குறைவாக இருந்த மாணவர்கள், தங்களுக்குப் பதிலாக வகுப்பில் உட்கார வருவீர்களா என்று பெயர்களிடம் நயமாகக் கேட்டுப் பார்த்தார்கள். எண்கணித ஜோசியக்காரர் சொன்னார் என்று பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டவர்களின் பழைய பெயர்கள் முழு ஆளாக வரவில்லை. மேஜைமேல் ஒரு மூக்குக்கண்ணாடியோ நாற்காலிக்கடியில் ஒற்றைச் செருப்போ மட்டும் வந்து கிடந்தது. துப்புரவுப் பணியாளர்கள் அதைக் கூட்டித் தள்ளாமல் சுற்றிப் பெருக்கக் கற்றுக்கொண்டார்கள்.

மற்றவற்றை ஊர் தானாகவே தெரிந்துகொண்டது. பெயருக்குப் பசிக்காது, வியர்க்காது. தன்னைச் சொல்லி யாரோ அன்பாகக் கூப்பிட்ட காலம் மட்டுமே அதற்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் தெரியாது, எந்தக் கட்டிலிருந்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதும் தெரியாது. அப்படிக் கடைசியாகக் கூப்பிட்டவர் கண்ணில் எந்த உருவம் நின்றதோ அந்த உருவத்தில்தான் வந்து உட்காரும். எப்போது போகும் என்பதும் ஒருநாள் தெரிந்தது. கீர்த்தனாவின் பெரியம்மா மகள், தலை நரைத்தவள், சேதி கேள்விப்பட்டுப் பஸ் ஏறி வந்து, குப்பம்மாளின் கன்னத்தைத் தடவித் தடவி அழுதாள். அவள் இத்தனை வருஷமும் பிடிவாதமாகத் தங்கையைக் குப்பு என்றே கூப்பிட்டுவந்ததால், தங்கை அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். அழுது முடித்து, அங்கேயே நின்று தங்கைக்குப் போன் போட்டு, "கீர்த்தனா, நான் அக்கா பேசுதேன்" என்றாள். குப்பம்மாள் கையிலிருந்த வாரப் பத்திரிகையை மடித்து வைத்தாள், புடவையை உதறினாள், படியிறங்கிப் போனாள். அதற்கப்புறம் அவளை யாரும் பார்க்கவில்லை. பதிவேட்டில் வெளியேறிய நேரத்தை உலகம்மாள்தான் எழுதினாள்.

எழுதிவிட்டு மறுபடியும் படியைப் பார்த்தாள். ஏனென்றால் அந்த மாடிக்கு வந்த ஒவ்வொரு பெயரையும், படியில் தலை தெரிகிற போதெல்லாம், இது அதுவாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

உலகம்மாளுக்கு ஒரே பிள்ளை. நம்பிராஜன் என்று பெயர் வைத்து, நம்பி நம்பி என்று கூப்பிட்டு வளர்த்த பிள்ளை. பத்தொன்பது வயதில், அவள் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "எம்மா, நான் பையன் இல்லம்மா. பொண்ணு. ரொம்ப நாளாவே எனக்குத் தெரியும்," என்றது. தகப்பன் சங்கரலிங்கம் கத்தினார், கையை ஓங்கினார், பிறகு திண்டாடிப்போய் மூலையில் உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. போகாமல் நின்றது உலகம்மாள் சொன்னதுதான். "வந்தா நம்பிராஜனா வா. இல்லைன்னா இந்த வாசப்படியை மிதிக்காத." பிள்ளை நீலக் கட்டம் போட்ட சட்டையோடு இறங்கிப் போனது. பதினோரு வருஷமாகிறது. சங்கரலிங்கம் நாலாம் வருஷமே, பிள்ளையின் முகம் பார்க்காமல் கண்ணை மூடிவிட்டார்.

ஊருக்கெல்லாம் அரசாங்கத்தைத் தேடிக் கொடுத்தவளுக்குத் தன் பிள்ளையைத் தேட வழி தெரியவில்லை. அரசாங்கத்தில் ஒருவரைத் தேட வேண்டுமானால் பெயர் வேண்டும். பிள்ளை இப்போது என்ன பெயரில் இருக்கிறதோ அது அவளுக்குத் தெரியாது. அதனால் புதிய அரசிதழ் வருகிற நாளெல்லாம், கட்டைப் பிரித்ததும் பெயர் மாற்ற அறிவிப்புகளை ஒன்று விடாமல் பார்ப்பாள். கிடைக்கவில்லை. கிடைக்காத ஒவ்வொரு வாரமும், இன்னும் நான் வைத்த பெயரோடுதான் இருக்கிறது என்று ஒரு சந்தோஷமும், உயிரோடு இருக்கிறதோ இல்லையோ என்று ஒரு கலக்கமும், ஒன்றாகச் சேர்ந்தே வரும். இரண்டையும் வயிற்றுக்குள் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பாள்.

பெயர்கள் வரத் தொடங்கிய மூன்றாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, நீலக் கட்டம் போட்ட சட்டையில், மீசை அரும்பிய முகத்தோடு, நம்பிராஜன் வந்தான்.

"எம்மா," என்றான்.

உலகம்மாள் எழுந்திருக்கவில்லை. பதிவேட்டைத் திருப்பி வைத்தாள். அவன் கையெழுத்துப் போட்டான். பிறகு அவள் எதிரிலேயே உட்கார்ந்தான். வேலாயுதப்பெருமாள் மேலே வந்தவர், இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விதிமுறைப் புத்தகத்தைத் திறக்காமலேயே படியிறங்கிப் போனார்.

அதன்பின் வந்த நாட்கள் உலகம்மாளின் வாழ்க்கையிலேயே இனிமையான நாட்கள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் அப்படித்தான் இருந்தன. காலையில் தாளித்த வாசனையோடு தூக்குச்சட்டியைக் கொண்டு வந்து அவன் முன்னால் திறந்து வைப்பாள். பெயருக்குப் பசிக்காது என்று தெரிந்தும் வைப்பாள். அவன் ஆறாம் வகுப்பில் ஆற்றில் செருப்பைத் தொலைத்ததைப் பேசுவான், காய்ச்சலில் கிடந்தபோது அவள் ஈரத்துணி போட்டதைப் பேசுவான். அவளுக்குத் தலைமுடியைக் கோதிவிட வேண்டும்போல் இருக்கும்; கோதினால் கையில் ஒன்றும் தட்டுப்படாது, ஆனாலும் கோதுவாள். வந்தால் நம்பிராஜனாக வா என்றாள் அல்லவா, கேட்டது கேட்டபடியே வந்திருக்கிறது.

ஆனால் அவன் பேச்சினூடே திடீரென்று நிறுத்தி, "எம்மா, நான் போயி எங்க இருக்கேன்?" என்று கேட்பான். அவள் தூக்குச்சட்டியை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்துவாள்.

பெயர் வந்துவிட்டது என்றால் அறிவிப்பு இருக்கிறது என்று அர்த்தம். அரசிதழில் எங்கோ இருக்கிறது. இத்தனை வருஷமும் அவள் கண்ணில் படாமல் போயிருக்கிறது. அவளுக்கு அது அவமானமாகக்கூட இருந்தது. விஷயம் தெரிந்ததும் மாடிக்கு வருகிறவர்களெல்லாம் ஆளுக்கொரு கட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பதினோரு வருஷம், வருஷத்துக்கு ஐம்பது சொச்சம் இதழ், இதழுக்கு நூற்றுக்கணக்கில் அறிவிப்பு, அகரவரிசை கிடையாது. பொருளாதாரத் துறை ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டது, விலங்கியல் துறை ஒன்றை. வெயிலில் வந்த அரசாணையைத் தேடிய வாத்தியார், தன் தேடலை ஒத்திவைத்துவிட்டு ஓர் அரையாண்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டார். மற்ற பெயர்கள் சும்மா இருக்க முடியாமல், படித்து முடித்த பக்கங்கள் காற்றில் புரண்டுவிடாமல் விரலை வைத்துக்கொண்டு நின்றன.

உலகம்மாள் எல்லோருக்கும் தன் தொழில் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். "நம்பிராஜன்னு பேரைத் தேடாதீய. ஊர்ப்பட்ட நம்பிராஜன் இருப்பான். த/பெ சங்கரலிங்கம் இருக்கான்னு பாருங்க. அரசாங்கத்துக்கு ஆளைத் தெரியாது, அப்பன் பேரைத்தான் தெரியும்." அவளும் பதினோரு வருஷமாக அப்படித்தான் பார்த்து வந்தாள். நாற்பத்திரண்டு நம்பிராஜன்கள் அகப்பட்டார்கள். த/பெ ஆறுமுகம், த/பெ செல்லையா, த/பெ தங்கச்சாமி. ஒருவனுக்கும் தகப்பன் சங்கரலிங்கம் இல்லை.

கண்டுபிடித்தது ஜெபக்கனி என்கிற ஆய்வு மாணவி. மீனவப் பெண்களின் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி ஆராய வந்தவள். உலகம்மாளின் தூக்குச்சட்டிச் சோறு வீணாகப் போகாமல் தினமும் மத்தியானம் பார்த்துக்கொள்கிறவளும் அவள்தான். அவளுக்கு விவரம் தெரியும் முன்பே தகப்பன் விட்டுவிட்டுப் போய்விட்டதால், பள்ளிக்கூடத்திலிருந்தே எல்லாச் சான்றிதழிலும் அம்மா பெயர்தான். அதனால் எந்த அரசாங்கக் காகிதத்தைப் பார்த்தாலும், தகப்பன் பெயர் இருக்கிற இடத்தை அவள் கண் தானாகவே தாண்டிப் போய்விடும்.

"அக்கா," என்று அந்தக் கட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். "இத நீங்களே படிங்க."

ஏழு வருஷத்துக்கு முந்தைய இதழ். உலகம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். இதுவரை நம்பிராஜன் என்று அழைக்கப்பட்டுவந்த நான், தாய் பெயர் உலகம்மாள், பிறந்த மாவட்டம் திருநெல்வேலி, இனிமேல் நிரஞ்சனா என்று அழைக்கப்படுவேன்.

அவள் அந்த வரியை ஏழு வருஷத்துக்கு முன்னால், அந்த வாரமே, இதே மேஜையில் பார்த்திருக்கிறாள். தகப்பன் பெயர் இல்லாததால் வேறு யாரோ என்று புரட்டிவிட்டிருக்கிறாள். வாசப்படியை மிதிக்காதே என்று துரத்தியவளின் பெயரைத்தான் பிள்ளை தன் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறது, தேடினால் கிடைக்கட்டும் என்று. தன் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. உலகம்மாள் மேஜையில் தலையைக் கவிழ்த்து, வாசிப்பறையில் சத்தம் போடக் கூடாது என்று இருபத்தாறு வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லி வந்தவள், வாய்விட்டு அழுதாள். ஒருவரும் உஷ் என்று சொல்லவில்லை.

புதுப் பெயர் கிடைத்தபின் மற்றதெல்லாம் கால் மணி நேர வேலை. ஜெபக்கனி வாக்காளர் பட்டியலில் தேடினாள். ஓசூரில் ஒரு தெரு, கதவு எண், நிரஞ்சனா, தாயின் பெயர் உலகம்மாள், வயது முப்பது, பாலினம் பெண். இந்த வருஷத்துப் பட்டியல். உயிரோடு இருக்கிறாள். ஜெபக்கனி அதைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்தாள். உலகம்மாள் அதை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

வைத்துக்கொண்டவள் எங்கும் போகவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். அந்தப் பெயரை அவள் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை, மற்றவர்களையும் அந்த மாடியில் சொல்லவிடவில்லை. அவள் சொல்லிவிட்டால் எதிரில் இருக்கிறவன் எழுந்து போய்விடுவான் என்பது அவளுக்குத் தெரியும். காலையில் சோறு கொண்டு வந்தாள், இல்லாத முடியைக் கோதினாள், செருப்பைத் தொலைத்த கதையை இன்னொரு தடவை கேட்டாள். அவளைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. வேலாயுதப்பெருமாள் மட்டும் ஒருநாள், உங்களுக்கு விடுப்பு நிறைய மீதி இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பதினெட்டாம் நாள் அவன்தான் பேச்சை எடுத்தான்.

"எம்மா, எம் பேரு கெடைச்சிட்டுல்லா?"

"கெடைச்சிட்டு."

"நல்லாருக்கா?"

"எனக்கு வாயில நொழையல."

அவன் சிரித்தான். "சொல்லிப் பாரு, நொழையும்."

"சொன்னா நீ போயிருவியேல."

"நான் வெறும் பேருதானம்மா. நீ கொண்டு வார சோத்த இத்தன நாளும் ஜெபக்கனி அக்காதான் திங்காவ. பசிக்கிற பிள்ளை அங்கல்லா இருக்கு." ஜன்னல் பக்கம் திரும்பினான். "அது சாப்பிட்டுதோ என்னமோ. போயிப் பாரும்மா. எனக்கும் அங்க எப்படி இருக்கேன்னு தெரியணும்னு ஆசையாத்தான் இருக்கு. ஆனா தெரிஞ்சிக்கிட முடியாது."

உலகம்மாள் அன்றைக்கே விடுப்பு எழுதிக் கொடுத்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். அவன் நீலக் கட்டம் போட்ட சட்டையின் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும்போது உட்கார்ந்திருப்பானே, அப்படி உட்கார்ந்திருந்தான். "நான் இங்கயே இருக்கேன்க்கா," என்றாள் ஜெபக்கனி. "நீங்க போயிட்டு வாங்க. அவன் கெளம்புனா நான் போன் போட்டுச் சொல்லுதேன்."

ஓசூரில் பஸ் நிலையத்துக்கு வெளியே காற்று சில்லென்று இருந்தது. தாளில் எழுதியிருந்த முகவரியைக் காட்டிக் காட்டி, யாரிடமும் வாயைத் திறக்காமல், ஆட்டோக்காரர், பால் கடைக்காரர், குழாயடியில் நின்ற ஒரு பெண் என்று மூன்று பேரைக் கடந்து அந்தத் தெருவுக்கு வந்தாள். குழாயடிப் பெண் தாளைப் படித்துவிட்டு, "ஃபேக்டரியில ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு இப்பதான் வந்தாங்க, தூங்கியிருக்க மாட்டாங்க," என்று பச்சைக் கதவைக் காட்டினாள். கதவுக்கு வெளியே கொடியில் இரண்டு சுடிதாரும் ஒரு தொழிற்சாலைச் சீருடையும் காய்ந்தன. உலகம்மாள் அந்தச் சீருடையின் கையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக, கனமாக, கையில் தட்டுப்பட்டது.

கதவைத் தட்டவில்லை. தட்டினால் யாரோ என்று நினைத்துக்கொள்ளும். கூப்பிட வேண்டும். வாயைத் திறந்ததும் முதலில் வந்தது பழைய பெயர்தான். அதை அப்படியே விழுங்கினாள். பஸ்ஸில் வந்த வழியெல்லாம் சத்தமில்லாமல் உருப்போட்டதை, இப்போது, சாப்பாட்டு நேரத்தில் தெருவில் விளையாடுகிற பிள்ளையை வீட்டுக்கு அழைக்கிற குரலில், சொல்லிக் கூப்பிட்டாள்.

"ஏ நிரஞ்சனா!"

உள்ளே ஏதோ பாத்திரம் தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "இந்தா வாரேன்" என்று ஒரு குரல், அத்தனை வருஷமாக அந்த ஊரில் இருந்தும் பேச்சு மாறாத குரல், பாதியிலேயே உடைந்து வந்தது.

உலகம்மாளின் கைப்பையில் போன் அடித்தது. ஜெபக்கனிதான், மூன்றாம் மாடியில் நாற்காலி காலியாகிவிட்டதைச் சொல்லக் கூப்பிடுகிறாள். உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், போனை எடுக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாளை யாரோ அவசர அவசரமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள்.